தேர்வறையில் இருந்தது ஒருவரே என்பது பற்றி

அனுப்புநர்:
தேர்வரின் கணவர்,
லிஃப்ட் மெக்கானிக்,
அச்சகத்துக்கு மேலே, பின்பக்க வீடு.

பெறுநர்:
ஒழுங்கு நடவடிக்கை அலுவலர்,
கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுப் பிரிவு.

பொருள்: என் மனைவியின் தேர்வு ரத்து – “அடியே” என்ற சொல்லுக்கு விளக்கம் – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஒரு கம்பெனியின் உதவி மையத்தில், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறார். தங்கள் சான்றிதழ் கிடைத்தால் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறலாம். அந்த இடத்தை இந்த மாதக் கடைசி வரைதான் அவருக்காக வைத்திருப்பார்கள்.

2. சென்ற வாரம் எங்கள் படுக்கையறையில், கேமரா முன் அமர்ந்து அவர் எழுதிய தேர்வைத் தாங்கள் ரத்து செய்து, இரண்டு ஆண்டுத் தடையும் விதித்துள்ளீர்கள். ஒலிப்பதிவில் “அடியே, அவசரப்படாத, கேள்விய முழுசா படி” என்று ஒரு பெண்குரல் கேட்பதாகவும், அடியே என்பது அடுத்தவரைக் கூப்பிடும் சொல்லாகையால் அறையில் இன்னொருவர் இருந்ததாகவும் உத்தரவில் கண்டுள்ளது. இலக்கணப்படி தாங்கள் சொல்வது சரி. எங்கள் வீட்டு நடப்பு வேறு. என் மனைவியை அடியே என்று கூப்பிடும் துணிச்சல் அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

3. கதவுக்கு வெளியே காவல் இருந்தவன் நான். காதை வைத்துக் கேட்டதை மறைக்கவில்லை. “பூட்டப் பூட்டிட்டு சாவிய அதுலயே தொங்க விடுவியாடி?” என்று ஓர் அதட்டல். “மாட்டேன்” என்று சின்னக் குரலில் பதில். “அப்ப ரெண்டாவது விடை அடிபட்டுச்சா?” “அடிபட்டுச்சு.” ஐயா, லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன் நான், எனக்கு அன்றுதான் மெய்சிலிர்த்தது. உப்புப் போட மறந்ததற்கு அடுப்படியில் தன்னையே திட்டிக்கொள்ளும் அதே குரல்தான், எனக்குத் தலையும் காலும் புரியாத கேள்விகளை ஒவ்வொன்றாய் மடக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இவரோடா குடித்தனம் நடத்தினேன் என்று கதவிலிருந்து காதை எடுக்காமல் நின்றேன்.

4. படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள். இரண்டு குரலுக்கும் அசைவது ஒரே வாய். வாய்விட்டுப் பேசியது விதிமீறல் என்றால் அதற்குரிய எச்சரிக்கையைத் தாருங்கள். ஆள் வைத்து எழுதினார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

5. உத்தரவு வந்தது முதல் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பால் பொங்கி வழிகிறது, திட்ட ஆளில்லை. வீட்டில் இரண்டு பேர் குறைந்துபோனது போல் இருக்கிறது.

6. ஆகவே தடையை நீக்கி, மாதக் கடைசிக்குள் மறுதேர்வுக்கு ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் கண்காணிப்பாளர் ஒருவரை அறைக்குள்ளேயே உட்கார வையுங்கள். டீ நான் போட்டுத் தருகிறேன். குரலை விட்டுவிட்டுத் தலையை எண்ணச் சொல்லுங்கள்.

இடம்: மேற்படி விலாசம்
நாள்: மார்ச் 9

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தேர்வரின் கணவர்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, “மறுபடி எழுதுவியாடி?” என்றார். “எழுதுவேன்” என்றார். இரண்டும் அவரே. தேதியை மட்டும் தாங்கள் குறித்துக் கொடுங்கள், ஐயா.