தடவிக்கொண்டு வரவும்

ஜூலை 8, செவ்வாய்

இன்று வந்த கஸ்டமர் வீணாவுக்குக் கால் முடி எடுக்கும் லேசர் முடிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்ததும், "கேரல், காதுல ஙொய்ன்னு கேக்குது. உதடு மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள். மரத்துப்போக வேண்டியது கால்தானே, க்ரீமை உதட்டில் யார் தடவச் சொன்னது என்று சிரித்துக்கொண்டே ஜூஸ் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்தாள். டாக்டர் நிருபமாவிடம் சொன்னேன். "காலையில சாப்பிடாம வந்திருப்பா. நெக்ஸ்ட் யாரு, கூப்பிடு" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆறு வருஷமாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? முடி எடுக்கும்போது வலி தெரியாமலிருக்க நாங்கள் கொடுக்கும் லிக்னோகெயின் க்ரீமை ஒருவர் எங்களுக்கென்றே தனியாகக் கலந்து வெள்ளை டப்பாவில் தருகிறார். கடையில் விற்பதைவிட வீரியம் அதிகம் என்பதில் டாக்டருக்குப் பெருமை. டப்பாவில் லேபிள்கூடக் கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் அதே மருந்தின் சின்ன ட்யூப் ஒன்றை வாங்கி, உள்ளே மடித்திருந்த சீட்டைப் படித்தேன். உடம்பில் அதிக இடத்தில் தடவக் கூடாதாம். அதிக நேரம் விடக் கூடாதாம். மூடிக் கட்டினால் இன்னும் கவனமாம். மீறினால் என்ன ஆகும் என்று ஒரு வரிசை: காதில் இரைச்சல், உதடு மரத்தல், நாக்குழறல், வலிப்பு.

முதல் இரண்டும் வீணா சொன்னவை.

"என்ன, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார் தியோடர். ஒன்றுமில்லை என்றேன். புருஷனிடம் சொன்னால் நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

ஜூலை 9, புதன்

சீட்டு கைப்பையிலேயே இருக்கிறது. டாக்டரிடம் நீட்டினால், "நீ எப்போ எம்.டி. முடிச்சே?" என்பார்.

ஜூலை 10, வியாழன்

இளவேனில் போன் செய்தாள். தர்மபுரிப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. ஹாஸ்டலில் இருக்கிறாள், ஆவணியில் கல்யாணம். "அக்கா, போன வாட்டி வலி தாங்கல. இப்போ ரெண்டு காலும் முழுசா பண்ணணும். எதாச்சும் பண்ணுங்கக்கா."

"தாராளமா போட்டுட்டு வாம்மா. ரெண்டு டப்பா அனுப்பறேன்." இது என் வாய்தான் சொன்னது.

இங்கே வைத்துத் தடவினால் ஒரு கட்டில் ஒரு மணி நேரம் சும்மா அடைபடும். இருப்பதோ இரண்டு கட்டில். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். அன்றைக்கு டாக்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார். அதிலிருந்து என் போனிலிருந்து எல்லோருக்கும் ஒரே மெசேஜ்தான்: "கிளம்பும்முன் க்ரீமைத் தடவி, பிளாஸ்டிக் ராப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வரவும்." எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. இந்த ஊரில் கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது, போய்ச் சேரும் நேரம் யார் கையில்?

இன்று அனுப்பும்போது விரல் நின்றது. நின்றது, அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 12, சனி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணி ஸ்லாட். பதினொன்றரை ஆகியும் இளவேனில் வரவில்லை. இன்னும் எங்கேம்மா இருக்கே என்று கேட்கத்தான் போன் போட்டேன். ஓர் ஆண் குரல். கேப் டிரைவர் கோவிந்தப்பா. "மேடம், இந்தப் பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு. பேக பன்னி, சீக்கிரம் வாங்க." மடிவாளா பக்கம் மழையும் டிராஃபிக்கும் சேர்ந்து இரண்டரை மணி நேரமாக வண்டி ஊர்ந்ததாம். முதலில் வாய் குழறியதாம், அப்புறம் கை கால் இழுத்ததாம். பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

இரண்டரை மணி நேரம். இரண்டு கால். இரண்டு டப்பா.

டாக்டர் நிருபமாவின் அறைக்கு ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவளுக்கு ஏற்கனவே எபிலெப்ஸி இருந்திருக்கும், கேரல். நாம எதுவும் சொல்லக் கூடாது. லாயர்கிட்ட பேசிட்டு வரேன், அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதே."

நான் உட்கார்ந்தேன். ஆமா, உட்கார்ந்தேன்! எதுக்கு உட்கார்ந்தே கேரல்? ஒரு பொண்ணு அங்க துடிக்கிறா, நீ ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. வேலை போகும், போலீஸ் வரும், சர்ச்சில் என்ன பேசுவார்கள் — அத்தனையும் யோசித்தேன். இருபத்தைந்து நிமிஷம்.

அப்புறம்தான் அது உறைத்தது. அவள் பேண்டுக்குள்ளே ராப் இன்னும் சுற்றியபடியே இருக்கும். யாருக்கும் தெரியாது. நான் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க மருந்து உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பாத்ரூமுக்குள் போய் அவள் நம்பருக்கே மறுபடி போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தாள். வலிப்புக்கு ஊசி போட்டாயிற்று, தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றாள். "சிஸ்டர், கிளினிக்லேந்து பேசறேன். கால்ல பிளாஸ்டிக் சுத்தியிருக்கு, உள்ள லிக்னோகெயின் க்ரீம், ரெண்டு டப்பா. எடுத்துத் துடைங்க, உடனே துடைங்க!" அவள் "டாக்டர்!" என்று கத்தியது காதிலேயே நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் பாட வரவில்லை. பாதியில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். கண் திறக்கவில்லை. ஒரு சின்னவயசு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இது கெட்ட மருந்து இல்ல மேடம். பல் எடுக்க, தையல் போட தினமும் இதைத்தான் போடறோம். ஹார்ட் பீட் தாறுமாறா போனா நாங்களே நரம்புல கொடுப்போம். ஆனா எல்லாத்துக்கும் ஓர் அளவு இருக்கு. இவங்க ரெண்டு கால் முழுக்கப் பூசி, மூடிக் கட்டிட்டாங்க." நேற்று இதயம் இரண்டு தடவை தடுமாறியதாம். பால் மாதிரி வெள்ளையாக ஒரு கொழுப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்களாம். காரணம் தெரிந்ததால்தான் அதைக் கொடுக்க முடிந்தது என்றார்.

வெளியே அவளுடைய அம்மா அன்னம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீதாம்மா போன் பண்ணியாமே. எம் புள்ளய நீதான் காப்பாத்துன."

அந்தக் கையை நான் உதறவில்லை. என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

ஜூலை 14, திங்கள்

கிளினிக்கில் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்த மெசேஜை அழிச்சிடு. உன் நம்பர்லேந்து போயிருக்கு. மாட்டினா நீதான் மாட்டுவே, புரியுதா?" புரிந்தது. கிளினிக் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இனிமேல் ஆளுக்கு ஒரு டப்பா போதுமாம். அதுதான் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

தியோடரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனை வாங்கி அந்த மெசேஜை இரண்டு தடவை படித்தார். "அழிக்காதே" என்றார் கடைசியில். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கம்பி எண்ணப் போவது நான்.

ஜூலை 15, செவ்வாய்

அழிக்கவில்லை. அதற்குத் தைரியமெல்லாம் காரணமில்லை.

ஜூலை 16, புதன்

இளவேனில் கண் திறந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாளாம். பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, சரியாகிவிடும் என்கிறார்கள்.

வராந்தாவில் அன்னம்மாள் எனக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனைத் திறந்து மெசேஜைக் காட்டினேன். தாராளமாகப் போடச் சொன்னதையும், சீட்டைப் படித்த பிறகுதான் அப்படிச் சொன்னேன் என்பதையும், அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

கத்தியைத் தட்டில் வைத்தார். "இந்த மாதிரி எத்தினி பேருக்கு அனுப்பியிருக்கே?"

எண்ணிப் பார்த்ததே இல்லை என்றேன்.

"போய் எண்ணு. இங்க நிக்காதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

வேலையை விட்டுவிட்டேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன், மெசேஜையும் காட்டினேன். கூப்பிட்டால் வர வேண்டுமாம். காலிங் பெல் அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

எண்ணினேன். இந்த மாதம் டப்பா வாங்கிப் போனவர்கள் மட்டும் எழுபத்தொரு பேர். எல்லோருக்கும் தடவ வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பினேன். பாதிப் பேர் பார்க்கக்கூட இல்லை. நாளை காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று பேர் திட்டினார்கள். ஒருத்தி, "உங்க கிளினிக்லேந்து மாத்தி மாத்தி சொல்றீங்களே" என்று வைத்துவிட்டாள். பத்தேகாலுக்குப் பட்டியலில் இருந்த தாரணி எடுத்தாள். "அக்கா, உங்க இடத்துக்கு வந்த புதுப் பொண்ணு நேத்தே போடச் சொன்னாங்களே. போட்டுட்டேன். சில்க் போர்டு சிக்னல்ல ஒன்றரை மணி நேரமா நிக்கறேன்."

"காதுல சத்தம் கேக்குதா?"

"லேசா... ஏன்க்கா?"

உடனே சொன்னேன்: ராப்பைப் பிய்த்துப் போடு, துப்பட்டாவால் துடை, டிரைவரிடம் போனைக் கொடு. ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். இருபது நிமிஷம் லைனை வைக்கவில்லை. அவள் பெயர், ஊர், ஆபீஸ் என்று என்னென்னவோ கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லச் சொல்ல நாக்குக் குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். குழறவில்லை.

உள்ளே போனதும் ஒரு நர்ஸ் போனை வாங்கினாள். எவ்வளவு க்ரீம், எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்குத் துடைத்தது — எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "நீங்க யாரு? சொந்தக்காரங்களா?"

"இதை வீட்டுலயே போட்டுட்டு வரச் சொல்லி ஆரம்பிச்சு வச்சவ நான்தான். பேரு கேரல்" என்றேன். எழுதிக்கொள்ளட்டும் என்று என் நம்பரையும் சொன்னேன். அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பட்டியலில் அடுத்த பெயருக்குப் போன் போட்டேன்.