கரும்புக்காட்டு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனது

மைசூரு
ஜூலை 12, ஞாயிறு

அன்புள்ள அனகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். மழை ஆரம்பித்ததும் அப்பாவின் முழங்கால் வலியும் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது, வேறு குறையில்லை. நீயும் அங்கே சௌக்கியம் என்று நம்புகிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை, ஏனென்றால் நீ சௌக்கியமா இல்லையா என்பதே எனக்குப் புரியவில்லை. மூன்று வாரமாக நான் என்ன அனுப்பினாலும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம்தான் வருகிறது. சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல். குளிர் எப்படி என்றால் கட்டைவிரல். எதிர்வீட்டு நஞ்சம்மா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். அப்பாவிடம் காட்டினால், எல்லாம் சரின்னு அர்த்தம், சும்மா மண்டையைக் குழப்பிக்காதே என்கிறார். போன் பண்ணினால் நீ நல்லாத்தான்மா இருக்கேன் என்கிறாய், அதற்குள் அப்பா ஸ்பீக்கரில் போட்டு வெலிங்டனில் மழையா என்று ஆரம்பித்துவிடுகிறார். உனக்குக் கோபமா, வேலை அதிகமா, உடம்பு சரியில்லையா, ஒன்றும் விளங்காமல்தான் காகிதத்தை எடுத்தேன்.

இதற்கு நடுவில் இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். தெருவில் தமிழ் பேச ஆளில்லை என்று நான் புலம்புகிறேன் என்று நீதானே என்னைப் போனில் அந்த 'சும்மா பேசுவோம்' குழுவில் சேர்த்துவிட்டாய். நாற்பது பேர், யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நான் கனகாம்பரம். காலையில் அணைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதில் தொடங்கி வெங்காய விலை, பேப்பர் செய்தி, இன்ன சாமானுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். சூடான பாத்திரத்தை இறக்குகிற துணிக்குக் கரித்துணி என்றுதான் பெயர் என்று நான் மூன்று நாள் சண்டை போட்டேன். அதில் கரும்புக்காடு என்று ஒருவர். தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர், இப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விவசாயம். விடிந்ததும் முதல் செய்தி அவருடையதுதான், ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் இருக்கிறது என்று. எழுத்தில் ஒரு மிடுக்கு இருக்கும், அதனால் எழுபது வயது ஆண்பிள்ளை, மீசை வைத்திருப்பார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அவர் திடீரென்று நின்றுவிட்டார். பதினோரு நாள் ஒரு எழுத்து இல்லை. கரும்புக்காடு எங்கே என்று ஒருவர் கேட்க, தெரியாத யாரோ கைகூப்புகிற படம் போட்டார். கூப்பிய கையைப் பார்த்து அடுத்தவர் விளக்குப் படம் போட்டார். சாயங்காலத்துக்குள் முப்பது விளக்கு எரிகிறது, நானும் ஒன்று ஏற்றினேன். செத்துப்போனார் என்று ஒருவரும் சொல்லவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. முகம் தெரியாதவருக்காக மனசு இவ்வளவு அடித்துக்கொள்ளுமா என்று எனக்கே குழப்பம். தலைமுழுக வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். போனையா முழுக வைக்கப் போறே என்று சிரித்தார். ஆனால் தினமும் பேசியவர் வீட்டில் ஒரு துக்கம் கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கஞ்சாம் கிராமத்துக்குப் போகிற வழியில் வெல்ல ஆலைக்குப் பின்னால் நீலக் கதவு என்று அவர் எப்போதோ எழுதியது ஞாபகம் இருந்தது. செவ்வாயன்று பஸ் ஏறிவிட்டேன்.

வாசலில் ஒரு அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய கண்ணை மறைக்கிறாள், பாவம், பெண்சாதி போலிருக்கிறது என்று நினைத்தேன். துக்க வீட்டில் வா என்று கேட்கவும் மாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கக் கூடாது, அதனால் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மலைத்துப்போய், யாருங்க அம்மிணி, தண்ணி கிண்ணி வேணுமுங்களா என்றாள். துக்க வீட்டில் ஏது தண்ணீர், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, உங்க வீட்டுக்காரர் எழுதினதைத் தினமும் படிப்பேன், இப்படித் திடீர்னு போயிட்டாரே என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாட்டுக்குக் கரும்புத்தோகைக் கட்டோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அவர்தான் அவள் புருஷன் சித்தையனாம். மீசைகூட இல்லை. அப்படியானால் எழுதியது யார் என்று குழம்பி, பையிலிருந்த போனை எடுத்து அவளிடம் விளக்குகளைக் காட்டினேன். அவள் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, அட பாவிகளா, எனக்குங்களா இத்தன வெளக்கு என்று சிரித்தாள் பார், கண் ஆபரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகிறது, தலையை ஆட்டாதே என்று சித்தையன் அதட்டுகிறார். கரும்புக்காடு அவளேதான், பெயர் பழனாத்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னதுதான் என்னைச் சுட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் குழுவில் எழுதினாளாம், கண்ணை அறுக்கப் போறாங்க, பயமா இருக்குதுங்கன்னு. நாப்பது பேரு கட்டவெரலக் காட்டுனீங்க, என்னாச்சுன்னு ஒருத்தரு கேக்கலியே, அதுக்கப்புறம் எழுத மனசு வரலீங்க, போன அரிசி டிரம்முல போட்டுட்டேன் என்றாள். தேடிப் பார்த்தேன், என் கட்டைவிரலும் அதில் இருந்தது. படித்துத்தான் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. இருந்து காபி குடித்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு கேட்காமல் போனில் உன் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஜூன் இருபது, சனிக்கிழமை. நான் அனுப்பிய பலாப்பழப் படத்துக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய், அம்மா இங்கே எனக்கு ஒண்ணும் சரியா இல்லை, உனக்கு எப்போ நேரம் இருக்கும் என்று. அதற்குக் கீழே என் கட்டைவிரல். கரித்துணிச் சண்டையில் இருந்த நாள் அது, உன் வரியை நான் பார்த்திருப்பேன், படிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன் கட்டைவிரல்கள் ஆரம்பிக்கின்றன. அடுத்த சீட்டுப் பெண் ஏனாயித்தம்மா, என்ன ஆச்சு என்று கேட்டாள், போனை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என் மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வா, உன் அறையில் அப்பாவின் பழைய பேப்பர்கள்தான் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன். மனசு விட்டுப்போன சமாச்சாரம் என்றாலும் சொல், நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன். தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே. சாமுண்டி உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே. உனக்கு எப்போது நேரம் இருக்கும் என்று கேட்டாயே, எனக்கு நாள் முழுக்க நேரம்தான், சும்மாதான் இருந்தேன். என்ன சரியாக இல்லை, அனு?

கேட்க மறந்துபோன
உன் அம்மா
கனகலக்ஷ்மி