இடது கைக்கு ஒரு கத்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். தையல் கடையிலிருந்து இரண்டு முறை உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்ததும் வாய் வராமல், சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

அம்மா சந்தையில் மீன் வெட்ட உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது, முள்ளை ஒட்டிச் சதை எடுக்கிற நல்ல கத்தி ஒன்றை என் பரிசாக வாங்கிக் கொடுங்கள், அம்மாவுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்று சொன்னாய் அல்லவா? மறுநாளே கத்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் விடாமல் கேள்வி கேட்டார். பெரிய மீனா சின்ன மீனா, வளைகிற கத்தியா விறைப்பானதா, பிடி மரத்திலா ரப்பரிலா, உள்ளங்கை அகலம் எவ்வளவு. நான் திருதிருவென்று விழித்தேன். ஊரில் பாதிப் பேருடைய கை நீளம் என் நோட்டில் இருக்கிறது, கட்டினவள் கையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, வெட்டும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மீன் சந்தைக்குப் போய் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவின் பலகையில் வேறொரு பெண் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கீழே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், மற்றவர்கள் வெட்டப்போகிற மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டால் மீனை அமுக்கிக்கொண்டு, இடது கையால் தேய்த்தாள்.

பக்கத்துப் பலகை வானொலி அக்கா உனக்கு நினைவிருக்கும், வாய் ஓயாதவள். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஓரமாகக் கூட்டிப்போனாள். அன்றைக்குத்தான் அவள் மெதுவாகப் பேசிக் கேட்டேன். அம்மா வெட்டுவதை விட்டுப் பத்து மாதமாம். ஐஸிலேயே கிடந்த வலது கை மரத்துப்போய், இரண்டு முறை கத்தி நழுவிக் காலருகே விழுந்ததாம். அந்தக் கைக்கு இனிமேல் பிடிமானம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சந்தை காலியான பிறகு, மிச்சமான மீனை வைத்து இடது கையால் வெட்டிப் பழகுகிறாளாம். வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அந்தப் பத்து மாதமும் காலையில் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள். "வெங்காயம் கண்ணக் கரிக்குது, நீங்களே நறுக்குங்க" என்பாள். வயதான காலத்தில் செல்லம் கொஞ்சுகிறாள் என்று நானும் நறுக்கினேன்.

கத்தி வேண்டாம் என்று சொல்லத்தான் திரும்ப அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் போய் நின்றபோது, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அவள் பழகுவதெல்லாம் வீண் என்று நானும் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இடது கைக்காரர்களுக்கென்றே ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்தி இருக்கிறதாம். மெல்லியது, நன்றாக வளைகிறது, பிடி தடித்த ரப்பர். அதை வாங்கினேன்.

மகள் கொடுக்கச் சொன்னாள் என்று நீட்டினேன். பழக்கத்தில் வலது கையைக் கொண்டுவந்தவள், பாதியில் நிறுத்தி இடது கையால் வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கைக்கான கத்தி என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"கூப்பிட்டிருக்கலாம்ல."

அன்றைக்கே ஒரு மீன் வாங்கிவந்து அடுப்படியில் உட்கார்ந்து வெட்டினாள். பாதிச் சதை முள்ளோடு போய்விட்டது. நடுநடுவே கத்தியை வைத்துவிட்டு விரல்களைப் பிசைந்தாள். இடது கையிலும் விரல் நுனிகள் மரக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறதாம். வானொலி அக்காவுக்குக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. நான் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பிடித்திருப்பது தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவள் சந்தைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. வழக்கமாக எழுகிற நேரத்துக்கு எழுந்து, குளித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். "கத்தி அருமையா வெட்டுதுன்னு புள்ளைக்குச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். போனில் அவளும் அதையேதான் சொல்வாள். நம்பினவள் மாதிரி கேட்டுக்கொள். இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று மட்டும் கேட்காதே.

நீ வந்து நாலு வருடம் ஆகிறது. உன் வேலை எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எப்படியாவது லீவு கேட்டுப் பாரம்மா. உன் அம்மா சின்னக்குட்டியை இன்னும் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்ததும் வாசலிலேயே, தூக்கிக்கோ என்று பிள்ளையை அவளிடம் நீட்டிவிடாதே. அவள் உள்ளே வந்து உட்காரட்டும். பிறகு நீயாகவே மடியில் வை.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் அப்பா