நீளம் என்று வெட்டியது

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், உடனே நீங்கள் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம். அதனால்தான் கடிதம்.

உங்கள் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டபோது போன பேச்சைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் தினமும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மீட்டுக் கொடுத்தேனே, அந்தப் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அருமைக் குறும்படக் குழுவின் மாதக் கூட்டத்தில் அதைத் தொலைத்துவிட்டு வந்தோம்.

கூட்டம் வழக்கம்போலத் தையல்கடை மாடியில்தான். திரை ஆடக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாரும் வெந்துகொண்டிருந்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் முகம் எடுப்பது எப்படி என்று ஸ்டுடியோக்காரர் போட்டு அறுத்தார். அப்புறம் படங்கள். எடுத்தவர் தன் படத்தைத் தானே வெட்டித் தொகுக்கக்கூடாது, வேறொருவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று குழு ஆரம்பித்த அன்றே சட்டம் போட்டுவிட்டுப் போனீர்களே, புண்ணியவானே! எடுத்தவருக்குப் பாசம் கண்ணை மறைக்குமாம். அந்தச் சட்டப்படி நான் மாமாவை எடுத்த படம் மருந்துக்கடைக்காரர் கைக்குப் போனது.

நான் எடுத்தது இவ்வளவுதான். மாமா சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு பொருளைக் காட்டுவேன், அவர் பேர் சொல்ல வேண்டும். கரண்டியைக் காட்டினால் முதலில் "சாவி" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடுவார், தொடையில் விரலால் தட்டுவார், உதடு கூடும், பிரியும். நான் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருப்பேன். அப்புறம் வரும், "கரண்டி". அந்தக் காத்திருப்புக்காகத்தான் படமே எடுத்தேன்.

மருந்துக்கடைக்காரர் காத்திருப்பை எல்லாம் எடுத்துவிட்டார், அதோடு சேர்த்து சரியான சொற்களையும். கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். அங்கே ஒண்ணுமே நடக்கலையேம்மா, ரொம்ப நீளம், என்றார். மிச்சம் என்ன? கரண்டிக்குச் சாவி, சீப்புக்குச் செருப்பு, தலையணைக்கு மாடு. தப்பு மேல் தப்பு, படபடவென்று. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு மாமாவை முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தவளும் நான்தான். அவர் திரும்பித் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கையைத் தூக்கி மாதத்தின் சிறந்த படமாக வேறு தேர்ந்தெடுத்தார்கள். நான் எழுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். மருந்துக்கடைக்காரர் முகம் செத்துப்போய், ஓடிவந்து மாமா கையைப் பிடித்தார். மாமா கையை உருவிக்கொண்டார். அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறார். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இப்போது பழக்கம் விட்டுப்போனால் பேச்சு திரும்ப வருவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

அதெல்லாம் அவர்கள் செய்தது. இனி உங்களிடம் வருகிறேன். குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டதும் முதல் ஆளாகச் சிரிப்புப் பொம்மை போட்டது யார்? அதோடு விட்டீர்களா? "நல்ல வேகம். கடைசியில் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்" என்று மேதாவித்தனம் வேறு. பெற்ற அப்பா ஐயா அது!

கடைசியில் என்ன இருந்தது தெரியுமா? நான் காட்டியது உங்கள் போட்டோவை. முதலில் தன் தம்பி பேரைச் சொன்னார். கூட்டம் சிரித்தது, படம் முடிந்துவிட்டது. நான் எடுத்ததில் அதற்கு அப்புறமும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. பிறகு உங்கள் பேர் வருகிறது. முழுசாக, தன் பேரின் முதலெழுத்தையும் முன்னால் சேர்த்து.

அதை உங்களுக்கு அனுப்பமாட்டேன். அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், போனை அவர் காதில் வைக்கிறேன். "அப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் ஒன்றும் பேசாதீர்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். உங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரமானாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

இன்னும் கோபத்தோடு,
உங்கள் மனைவி