கல்லுக்குட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

செக்ரட்டரி அம்மா,

இன்று காலை பக்கத்து மனைக்காரர் எங்கள் தெருவில் ஒரு லாரி ஆற்று மணலை இறக்கினார். புழுதி பறக்காமலிருக்க வேலையாள் ஒருவர் அதன்மேல் குழாயைத் திருப்பிவிட்டார். நனைந்த மணலின் வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு அந்த வாசனை காவிரியைத்தான் நினைவூட்ட வேண்டும். எனக்கு நினைவு வந்தது திருச்சி தென்னூரில் உங்கள் வீட்டுப் பின்கட்டு. அங்கே வடக்குச் சுவரோரம் வைத்திருந்த பெரிய மண்தொட்டி.

அந்தத் தொட்டியை நான் முதலில் பார்த்தது அறுபதுகளின் தொடக்கத்தில். ஊர் கார்டன் கிளப் நடத்தவிருந்த குரோட்டன்ஸ் கண்காட்சியைப் பற்றி என் பத்திரிகையில் நாலு வரி எழுதுவதற்காக, கிளப்பின் செக்ரட்டரி என்ற முறையில் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். வேண்டிய விவரங்களைச் சொல்லி முடித்த பிறகு, "வந்ததுக்கு இதையும் பாத்துட்டுப் போங்க சார்" என்று பின்பக்கம் அழைத்துப் போனீர்கள்.

"தொட்டி நிறைய மணல்தானே இருக்கு?" என்றேன்.

"கிட்ட வாங்க."

குனிந்து பார்த்தேன். ஈர மணலுக்கு நடுவில் இன்னொரு சின்னத் தொட்டி கழுத்தளவு புதைந்திருந்தது. அதற்குள் கருங்கல் சில்லுகள். சில்லுகளின் இடுக்கில், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், ரோஜா மொட்டைப் பிரித்து வைத்தாற்போல அடுக்கடுக்காகச் சாம்பல் பச்சை இலைகள். இமயமலைப் பாறைகளில் வளர்வது என்றீர்கள். நீளமான ஒரு லத்தீன் பெயரைச் சொன்னீர்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி நான் குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பேப்பருக்கு அது இருக்கட்டும். வீட்டுல கல்லுக்குட்டின்னுதான் கூப்பிடுறோம்" என்றீர்கள்.

நீங்கள் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தீர்கள். வருஷத்துக்கு வருஷம் கிடைக்கும் இலவச பாஸை உங்கள் ஆபீஸில் மற்றவர்கள் கல்யாணத்துக்கும் காசிக்கும் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் மலை பார்க்கப் போவீர்கள். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் முடிந்து, ஒரு புரட்டாசியில் சிம்லா வரை போனீர்கள், தாயாரையும் கூட்டிக்கொண்டு. காப்பி கொண்டுவந்த உங்கள் தாயார் அந்தக் குறையை என்னிடமே சொன்னார்:

"பாஸ் இருக்கறவங்க பெத்தவளக் காசிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இவ என்னைச் சிம்லாவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கல்லக் காமிச்சா. திரும்பி வரையில டிபன் கேரியர்ல கீழ் அடுக்கு அதுக்கு. மேல் அடுக்குல எனக்குப் புளிசாதம். போன கத்திரி வெயில்ல பாக்கணுமே, வீட்டுல இருக்கறது ஒரே ஃபேன். அது யாருக்குன்னு கேளுங்க!"

"அம்மாவுக்கு விசிறி இருந்துச்சு சார்" என்றீர்கள் நீங்கள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

சிம்லாவுக்கு அப்பால் ஒரு நாற்றங்கால்காரர் கொடுத்த செடி அது. அவர் பேச்சு உங்களுக்குப் புரியவில்லை, உங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை. அவர் ஆள்காட்டி விரலைச் சில்லுகளுக்குள் விட்டுக் காட்டி, மறு கையை 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டினாராம். விரலில் ஈரம் பட்டால் தண்ணீர் ஊற்றாதே. அவ்வளவுதான் பாடம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுத் திருச்சிக் கோடையை அந்தச் செடிக்குக் கடத்திக் கொடுத்திருந்தீர்கள். வெளித்தொட்டி மணலுக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணீர். உள்தொட்டிக்கு, விரல் சம்மதித்தால் ஒரு கரண்டி. மணலின் ஈரம் காயக் காய உள்தொட்டி குளிர்ந்திருக்கும் என்று விளக்கினீர்கள். "பானைத் தண்ணி எப்படி ஜில்லுன்னு இருக்கு? அதே கதைதான்."

அதற்கப்புறம் நடந்த கிளப் கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கமிட்டியில் நீங்கள் ஒருவர்தான் பெண். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மலைச்செடிகளைப் பற்றிய பேச்சுகள் வைக்கலாம் என்று எழுந்து நின்று சொன்னீர்கள். தலைவர் தென்னூர் வக்கீல்; ரோஜாவில் கைதேர்ந்தவர், கிண்டலில் அதைவிட.

"செக்ரட்டரி அம்மா, நம்ம ஊருல மலைன்னா மலைக்கோட்டை ஒண்ணுதான். அதுல விளையறது படிக்கட்டும் புறாவும். இந்த ஊருல போயி இமயமலைச் செடியப் பத்தி யாரு கேக்கப் போறா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் உட்காரவில்லை. "வளர்க்க முடியாததைப் பத்தித் தெரிஞ்சுக்கக் கூடாதா சார்? அதோட, ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருக்கு. தையில பூக்கும்னு நெனக்கிறேன். அன்னிக்கு மேஜையில வெக்கிறேன்" என்றீர்கள்.

வக்கீல் எழுந்து கும்பிட்டார். "பூத்துச்சுன்னா நான் ரோஜாவ விட்டுடறேன்மா." அப்படித்தான் அந்த நாள் முடிவாயிற்று. அன்றிலிருந்து உங்கள் வாக்கு அந்தக் காசளவு செடியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மார்கழிக் கடைசியில் மொட்டு வந்தது. கம்பு மணியளவு. ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்து, "வந்துருச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எது வந்துவிட்டது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்னூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடினோம். வக்கீல் சொன்னது பொய்யாகி, ஹால் நிறைந்துவிட்டது. லால்குடியிலிருந்து விவசாயிகள் சிலர் ரயிலேறி வந்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்து மாமிகள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கொடைக்கானலிலிருந்து வந்த ரிட்டயரான வனத்துறை அதிகாரி, மலைப் புல்வெளிப் பூக்களைப் பற்றிப் பேசினார். அடுத்து, கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பாதர் ஒருவர் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி ஸ்லைடு போட்டார். பனி மூடிய சரிவு, பனி உருகும் ஓரத்தில் நீலப் பூக்கள். அடுத்த படம், அதற்கடுத்த படம். முன்வரிசை மாமி ஒருவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பார்க்கறச்சயே குளிர்றதே!" என்றார். ஹாலே சிரித்தது. மேடையோரத்து மேஜையில் கல்லுக்குட்டி, தன் பெரிய தொட்டியோடு உட்கார்ந்திருந்தது. மொட்டின் நுனியில் வெள்ளைக் கீற்றுத் தெரிந்தது. மூன்றாவது பேச்சு உங்களுடையது, சாப்பாட்டுக்கு அப்புறம். அதற்குள் விரிந்தாலும் விரியும் என்று நீங்கள் என் காதில் சொன்னீர்கள்.

தொட்டியின்மேல் 'தொடாதீர்கள்' என்று அட்டை எழுதி வைத்திருந்தீர்கள். அட்டைக்கு எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள். யாரும் தொடவில்லை.

நாம் இருவரும் பேச்சாளர்களோடு வராந்தாவில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தோம். நீங்கள் நேரே மேஜைக்குப் போய், வழக்கம்போல விரலைச் சில்லுகளுக்குள் விட்டீர்கள். விரலை எடுக்கவில்லை. உங்கள் முகம் மாறியதைப் பார்த்து நான் பக்கத்தில் வந்தேன். சில்லுகளுக்கு மேலே தண்ணீர் நின்றது. வெளித்தொட்டி மணல் கூழாகக் குழைந்திருந்தது. இலையடுக்கின் நடுவில் ஒரு குட்டிக் குளம்.

மேடைக்குப் போய் நின்று கேட்டீர்கள். குரல் உயரவில்லை. "செடிக்கு யாராவது தண்ணி ஊத்துனீங்களா?"

நடுவரிசையில் லால்குடிக்காரர் ஒருவர் எழுந்தார். நல்ல உயரம், தோளில் துண்டு. செய்த உபகாரத்துக்கு நன்றி வரப்போகிறது என்ற முகம்.

"நான்தாம்மா ஊத்துனேன். கல்லுல காஞ்சு கெடந்துச்சு பாவம். எங்க ஊருப் பக்கம் வாய்க்கா வரப்புல கெடக்கற புல்லுகூட இத்தனை காயாது."

முன்வரிசை மாமி திரும்பிப் பார்த்தார். "நீரும் ஊத்தினேரா? நானும் சொம்புல காவேரி ஜலம் கொண்டுவந்திருந்தேன், குடிக்கறதுக்கு. வாடிண்டிருக்கு, பார்த்துண்டு சும்மா இருக்க முடியுமோ? பாதிச் சொம்பு சேர்த்தேன்."

பின்னாலிருந்து இன்னொரு கை. ஓரத்திலிருந்து ஒரு கை. அப்புறம் தலைவர் நாற்காலியிலிருந்து வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நானும் ஒரு டம்ளர்... பூக்கணுமேன்னு ஒரு ஆசைலதான்மா."

காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு செடிமேல் அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது. தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும் ஊர். வந்ததை ஊற்றிப் பழகிய கை. அன்று அந்த ஹாலில் பொல்லாதவர் ஒருவரும் இல்லை. நீங்கள் கோபித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அழுதிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"இத்தனை பேரு இதைக் காப்பாத்தணும்னு நெனச்சிருக்கீங்க. சந்தோஷம். இப்ப அத நிஜமாவே காப்பாத்தணும். கிட்ட வாங்க எல்லாரும்."

எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துக் கைப்பையில் போட்டீர்கள். "ரிப்போர்ட்டர் சார், உங்க பேப்பரைக் குடுங்க" என்றீர்கள். என் பத்திரிகையின் அன்றைய இதழை மேஜையில் விரித்தேன். சின்னத் தொட்டியை உருவி அதன்மேல் கவிழ்த்தீர்கள். சேறும் சில்லும் சரிந்தன. செடியைக் கையில் எடுத்து உதறியபோது ஹாலில் ஒரு 'ஆ' எழுந்தது. காசளவுச் செடிக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் வேர். நூலாக மெலிந்து, நுனியில் இரண்டு சில்லுகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"மேல பாத்தீங்க, காஞ்சு கெடந்துச்சு. கீழ அது பாட்டுக்குத் தேடிக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பனி உருகிப் பாறையில இறங்கற ஈரம் இதுக்குப் போதும். நின்ன தண்ணியில இது அழுகிடும்."

"இப்ப பொழைக்குமா?" என்று லால்குடிக்காரர் கேட்டார். அவர் முகத்தில் முன்பிருந்த பெருமை ஒன்றும் இல்லை.

"வேரு அடிபட்டிருக்கு. இருக்கற சத்து முழுக்க வேருக்குப் போகணும். மொட்டு இருந்தா அதுதான் குடிக்கும்" என்றீர்கள். சொல்லிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் மொட்டைக் கிள்ளிவிட்டீர்கள்.

"அடிப் பாவி! மொட்டையாடி கிள்றே?" மாமி தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மொட்டுதான் மாமி. செடி இருந்தா அடுத்த தையில வரும்."

நீங்கள் வாக்குக் கொடுத்த பூ என் பத்திரிகைத் தாளின்மேல், சேற்றுக்கு நடுவில், ஒரு வெள்ளைக் கீற்றோடு கிடந்தது. வக்கீல் அதைப் பார்த்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கைக்குட்டையை எடுத்து, வேரைச் சுற்றியிருந்த ஈரத்தை ஒற்றி எடுக்க உங்களிடம் நீட்டினார்.

புதுச் சில்லு வேண்டும், காய்ந்ததாக. தெருமுனையில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் லால்குடிக்காரருக்கு நினைவு வந்தது. துண்டை உதறிக்கொண்டு ஓடினார். மேஜைக்குத் திரும்பி அந்தத் துண்டை விரித்துச் சொன்னார்: "மேல காஞ்சிருக்கேன்னு அப்படியே அள்ளிட்டு வரலம்மா. உள்ள கைய விட்டு, ஈரமில்லாததாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்." நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். அன்று நீங்கள் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தி எழுதினேன். வனத்துறை அதிகாரி சொன்னது, பாதர் காட்டியது, பிறகு தண்ணீர் விஷயம். கடைசி வரியாக, 'செடி பிழைக்குமா என்பது இப்போது தெரியாது' என்று எழுதினேன். 'பிழைக்கும் என்று நம்பப்படுகிறது' என்று மாற்றலாமே என்றார் உதவி ஆசிரியர். யார் நம்புகிறார்கள் என்று கேட்டேன். விட்டுவிட்டார். மறுநாள் காலை உங்கள் போன் வந்தது. "தெரியாததத் தெரியாதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான் போன் பண்ணேன்." அப்புறம் இத்தனை வருஷம் நீடித்த நம் சிநேகிதம் அந்தப் போனில் தொடங்கியது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வெளியிலைகள் ஒவ்வொன்றாக அழுகி உதிர்ந்தன. நடுவில் பட்டாணி அளவு மிஞ்சியது. இன்னொரு கத்திரி வெயில் வந்தது. ஃபேன் மறுபடி கல்லுக்குட்டிக்குப் போயிற்று. உங்கள் தாயார் என்னிடம் முறையிடுவதை நிறுத்திவிட்டார். "விரல விட்டுப் பாத்துட்டேன், இன்னிக்கு வேணாம்" என்று அவரே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அடுத்த தையில் பூத்தது. நீங்கள் கிளப்பைக் கூட்டவில்லை. வக்கீலை அழைத்து ரோஜாவை விடச் சொல்லவும் இல்லை. லால்குடிக்காரருக்கு ஒரு கார்டு போட்டீர்கள், எனக்கு ஒரு போன். அவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பின்கட்டுக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெள்ளையாக ஒரு பூ, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதாண்ணே."

நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தொடலாமா?" என்று கேட்டார். பூவைத் தொடவில்லை. சில்லுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கு. இன்னிக்கு வேணாம்" என்றார்.

அதற்கடுத்த கோடையைக் கல்லுக்குட்டி தாண்டவில்லை. உண்மை அதுதான். நீங்கள் அதற்காகப் பெரிதாக வருந்தவில்லை. அதிலிருந்து நீங்கள் பெற வேண்டியதைப் பெற்றுவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. பிறகும் பாஸ் வாங்கினீர்கள், மலைக்குப் போனீர்கள். எதையும் கொண்டுவரவில்லை.

போன மாதம் உங்கள் தம்பி மகன் போன் செய்து, நீங்கள் காலமானதைச் சொன்னார். அவரை நம்பாமல் இல்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டு, தென்னூரில் தெரிந்த இன்னொருவருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். கேள்விப்பட்டதும் எழுதிவிடாமல், ஒரு தரம் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் என் தொழிலில் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு தடவை, கேள்விப்பட்டது பொய்யாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

இன்று காலை அந்த மணல் வாசனை வந்தபோது, என் மாடத்துத் துளசிக்கு ஊற்றக் கையில் குவளையோடு நின்றிருந்தேன். மேல்மண் வெளுத்துக் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தது. தண்ணீரைக் குடத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.