இல்லாமல் போன ஒன்பதாம் தேதி

ஆகஸ்ட் 27, 1582. பெரூஜியா

இன்று என் கணவர் கிரிஸ்போல்தோ தன் நல்ல அங்கியை எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டார். கருநீலக் கம்பளி அங்கி. கல்யாணமான வருஷம் நான் துணி எடுத்துத் தைத்தது. "குளிர்காலத்துக்கு எனக்கு வேண்டியிருக்காது, நீ போட்டுக்க" என்றார். மூத்த தாரத்து மகன் அவெரார்தோ வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஏன் வேண்டியிருக்காது? அக்டோபர் ஒன்பதாம் தேதி அவர் சாகப் போகிறாராம்.

எழுதும்போதே கோபம் வருகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் பெவாஞ்ஞா சந்தையில் எவனோ ஒரு சோதிடன் ஜாதகம் கணித்துச் சொன்னானாம். ஏழொன்பது அறுபத்துமூன்று, அந்த வயது கண்டம், அக்டோபர் ஒன்பதைத் தாண்டமாட்டாய் என்று. இவருடைய அப்பாவும் அறுபத்துமூன்றில்தான் போனார். இவருக்கு அது போதும். கல்யாணத்துக்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? அதுவும் இல்லை.

நாலு வருஷம்தான் ஆகிறது. அவரும் ஒருத்தியைப் புதைத்தவர், நானும் ஒருவரைப் புதைத்தவள். நாற்பத்தெட்டு வயதில் இந்த ஓர்சீனாவுக்குக் கல்யாணம் கேட்கிறது என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். முதல் கல்யாணம் அப்பா பார்த்தது. இது நானே பார்த்தது.

செப்டம்பர் 3

பயற்றங்கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சாப்பிடாதபோது எனக்கு மட்டும் என்ன இறங்கும்?

செப்டம்பர் 8

மாதா பிறந்த நாள். கோவிலுக்கான மெழுகுவர்த்திகளை எண்ணி எடுக்க அவருடைய மெழுகுப் பட்டறைக்குள் போனேன். உத்தரத்தில் வெள்ளைத் துணி சுற்றி நான்கு மெழுகுவர்த்திகள் தொங்கின, ஒவ்வொன்றும் என் தோள் உயரம். இது எந்தக் கோவிலுக்கு என்று கேட்டேன். அவர் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் புரிந்தது. பிணத்தைச் சுற்றி நான்கு மூலைக்கு நான்கு.

"உங்க சாவுக்கு நீங்களே சரக்கு போடுறீங்களா மனுஷா?" என்று கத்தினேன்.

"வேற எவனாவது போட்டா கொழுப்பைக் கலந்துருவான்டி" என்றார், அமைதியாக. "நாப்பது வருஷமா நான் கலந்ததில்ல. என் தலைமாட்டுல மட்டும் ஆட்டுக் கொழுப்பு நாறணுமா?"

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் கொதிக்கிற கொப்பரையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மெழுகு தீய்ந்துபோயிற்று.

செப்டம்பர் 16, ஞாயிறு

இன்று கோவிலில் நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மரியோத்தோ ஒரு தாளைப் பிரித்தார். போப்பாண்டவர் நாட்காட்டியைத் திருத்துகிறார். பழைய கணக்கு பல நூறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, ஈஸ்டர் இடம் மாறிப்போய்விட்டதாம். அதனால் இந்த வருஷம் அக்டோபர் நாலாம் தேதி புனித அசிசியார் திருநாளுக்கு மறுநாள் ஐந்து இல்லை. பதினைந்து.

கோவில் சந்தையாகிவிட்டது. மீன்காரி லவ்தோமியா எழுந்தே நின்றுவிட்டாள். "சாமி, என் மருமக நெறமாசம். அவளுக்குப் பத்து நாள் கொறையுமா, கூடுமா?" பின்னாலிருந்து ஒருவன், "எம் பொண்டாட்டி எட்டாம் தேதி அவ அம்மா வீட்டுலேர்ந்து வர்றதா இருந்தா. அப்ப வரமாட்டாளா? போப்பாண்டவர் நீடூழி வாழ்க!" என்றான். சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டார்.

என் பக்கத்தில் கிரிஸ்போல்தோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் நீரூற்றடியில் நின்றார். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். தொடையில் அறைந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடியே, ஒன்பதாம் தேதியே கிடையாதாம்! நாலுக்கு அப்புறம் பதினஞ்சு! அந்தச் சோதிடன் மூஞ்சிய இப்பப் பார்க்கணும்!"

நடுத்தெருவில் என் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாதாவே, உனக்கும் நன்றி, போப்பாண்டவருக்கும் நன்றி.

செப்டம்பர் 17

மூன்று ரொட்டி தின்றார். பிறகு மகன் வீட்டுக்குப் போய் அங்கியைத் திருப்பிக் கேட்டு வாங்கிவந்தார்! "கொடுத்ததைக் கேக்க வெக்கமா இல்லையா?" என்றேன். "உயிரோட இருக்கறவனுக்குக் குளிரும்ல?" என்றார். நான்கு மெழுகுவர்த்திகளையும் இறக்கி, கன்னியர் மடத்துக்கு விற்றுவிட்டார்.

நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 24

சந்தோஷம் ஒரு வாரம்தான் எனக்கு எழுதியிருந்தது போலும்.

காலையில் லவ்தோமியா கடையில் கெண்டை வாங்கிக்கொண்டிருந்தேன். மருமகள் எப்படி இருக்கிறாள் என்றேன். "எப்ப வரணுமோ அப்ப வரும்க்கா. தேதிய மாத்திட்டா வயிறு கேக்குமா?" என்றாள், செதிலைச் சுரண்டிக்கொண்டே.

வயிறு கேட்காது. அப்படியானால் சாவு கேட்குமா? நாலுக்கு மறுநாளைப் பதினைந்து என்று கூப்பிட்டால், ஐந்தாம் நாள் பொழுது விடியாமல் போய்விடுமா என்ன? விரல்விட்டு எண்ணினேன். ஐந்து பதினைந்தாகும், ஆறு பதினாறு, ஏழு, எட்டு... ஒன்பது வந்து பத்தொன்பதில் நிற்கிறது.

மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இவருக்கு இது தோன்றவில்லை. பாவம், குழந்தை மாதிரி பாட்டு பாடிக்கொண்டு திரி முறுக்குகிறார். தோன்றவே கூடாது. ஆண்டவரே, தோன்றவே கூடாது.

செப்டம்பர் 26

மனசு கேட்கவில்லை. சாமியாரிடம் போனேன். "பாவசங்கீர்த்தனத்துக்கு வரல சாமி. ஒரு கணக்கு கேக்க வந்தேன்."

கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சூரியன் போப்பாண்டவர் பேச்சைக் கேக்குறதில்ல தாயி. நாம பேரைத்தான் மாத்துறோம். ஆனா சோதிடத்தை நம்புறது பாவம், தெரியும்ல?"

"நான் எங்க சாமி நம்புறேன்? அவரு நம்புறாரே. ஆகஸ்டு பூரா அவரைப் பார்த்தீங்கல்ல, துரும்பா இளைச்சு... சோதிடன் வேண்டாம் சாமி, அந்தப் பயமே ஆளைக் கொன்னுரும்."

"அப்ப நீ சொல்லாத. நானும் சொல்லல. மத்தத ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார். சாமியாரையும் பொய்க்குக் கூட்டுச் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் 4, வியாழன்

அசிசியார் திருநாள். கடையில் மூச்சுவிட நேரமில்லை. சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, மெழுகுவர்த்தி ஊர்வலம் மலைச்சரிவில் இறங்குவதைப் பார்த்தார். "எவ்வளவு அழகா எரியுது பாரு, எல்லாம் நம்ம சரக்கு" என்றார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது.

அக்டோபர் 15, வெள்ளி

நேற்று நாலு. இன்று பதினைந்து. எழுதிப் பார்த்தால் கிறுக்கு மாதிரி இருக்கிறது. பால்காரன் வழக்கம்போல வந்தான், சேவலும் வழக்கம்போலத்தான் கூவியது.

இவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "நான் தப்பிச்சுட்டேன், தெரியுமா?" என்கிறார். நான் சிரிக்கிறேன். கன்னம் வலிக்கிறது.

இன்னும் நாலு நாள்.

அக்டோபர் 16

லவ்தோமியாவுக்குப் பேரன் பிறந்தான். நல்ல கனம். பார்க்கப் போனபோது, "எங்கணக்குக்குச் சரியா வந்துட்டான்க்கா, பழைய தேதிப்படி பார்த்தா இன்னிக்கு..." என்று விரலை மடக்க ஆரம்பித்தாள். அவர் பக்கத்திலேயே நிற்கிறார்! அவள் காலை ஓங்கி மிதித்துவிட்டேன். இன்னும் காரணம் தெரியாமல் முறைக்கிறாள்.

இந்த ஊரில் பத்தொன்பதாம் தேதி இவரை வைத்திருக்க முடியாது. எவளாவது வாயைத் திறந்துவிடுவாள். ஏரிக்கரையில், பஸிஞ்ஞானோவில் என் தம்பி நான்னி இருக்கிறான். தம்பியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். "கிளம்பு, போவோம்" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 18, பஸிஞ்ஞானோ

கோவேறு கழுதை மேல் வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. அவர் வழி நெடுக நடந்தே வந்தார். ஒரு இடத்தில் நின்று, காட்டு ரோஜாக் காயைப் பறித்து என் மடியில் போட்டார். ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்? சாதாரணமாக இருந்தால் தாங்கிக்கொள்வேன்.

அக்டோபர் 19, காலை

நான்னியோடு படகில் போயிருக்கிறார். ஏரி அசையாமல் கிடக்கிறது. படகு கண்ணுக்குத் தெரிகிறவரை கரையில்தான் இருந்தேன். திரும்பி வரட்டும். வரட்டும், வேறொன்றும் வேண்டாம்.

அக்டோபர் 20

இருக்கிறார். பின்கட்டில் நான்னியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார், சத்தம் இங்கே கேட்கிறது.

நேற்று மதியம் படகு பத்திரமாகத் திரும்பியது. நான்னியின் மனைவி விலாங்கு மீனைப் பதமாய்ச் சுட்டு வைத்தாள். இவர் சாப்பிட்டார், சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு காற்றாட இருவரும் கரையில் கவிழ்த்துப் போட்ட படகோரம் போய் உட்கார்ந்தோம். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. அப்படியே மணலில் சரிந்துவிட்டார்.

நான் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. "ஐயோ, இன்னிக்கேவா? ஒம்பதாம் தேதி! ஐயோ மாதாவே, ஒம்பதாம் தேதி!" என்று அலறிவிட்டேன். பதினைந்து நாளாகப் பொத்திப் பொத்தி வைத்தது.

அவர் மணலில் கிடந்தபடியே தலையைத் தூக்கினார். "ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிடி தெரியாமப் போகும்? வருஷம் பூரா திருநாளை எண்ணி எண்ணி மெழுகு ஊத்துறவன் நான். சாமியார் தாளை மடிக்கறதுக்குள்ள எண்ணி முடிச்சிட்டேன்."

"அப்ப அந்தச் சிரிப்பு? நடுத்தெருவுல என்னைச் சுத்துனது?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நீ சாப்பிடறதையே விட்டுட்ட. எலும்பும் தோலுமா ஆயிட்ட. எனக்கு முன்னால நீ போயிருவ போல இருந்துச்சு. சரி, போறது போறோம், இருக்கிற வரைக்கும் இவ பார்க்கச் சிரிச்ச மூஞ்சியா இருந்துட்டுப் போவோம்னு நெனச்சேன்."

அவரை அடித்தேன். ஆமாம், செத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்த மனிதரைத் தோளில் ரெண்டு அடி அடித்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அழுதுகொண்டே ஒருபக்கம் திரும்பி, சாப்பிட்ட விலாங்கு முழுவதையும் வாந்தியெடுத்தார்.

அலறல் கேட்டு ஓடிவந்த நான்னி மணலைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "மூணு பேரு மீனை ஒத்தை ஆளாத் தின்னா வயிறு சும்மா இருக்குமா மாமா? அக்கா, நீ எதுக்கு ஊரைக் கூட்டுற?" என்றான். அவன் மனைவி சோம்புக் கஷாயம் கொண்டுவந்தாள். ரெண்டு குவளை குடித்ததும் முகத்தில் ரத்தம் வந்தது.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். கை விடவில்லை. சாயங்கால மணி அடித்தால் எங்கள் ஊர்க் கணக்கில் அந்த நாள் முடிந்தது. மறுகரையில் வெளிச்சம் மங்க மங்க அவர் விரல்கள் இறுகிக்கொண்டே வந்தன. அவ்வளவு பயந்திருக்கிறார், மூன்று வாரமாக, பாட்டு பாடிக்கொண்டே. மணி அடித்தது. முதல் அடி, ரெண்டாம் அடி. கடைசி அடியும் ஓய்ந்தது.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

பிறகு, "இருபது வருஷம்டி. இருபது வருஷமா அந்தப் பய பேச்சைக் கேட்டு..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டார்.

அந்த மூன்று வாரமும் முழுக்க நடிப்புத்தானா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாகவேண்டும். யோசித்துச் சொன்னார். "மொத ரெண்டு மூணு நாள் நடிப்புதான். அதுக்கப்புறம் எது நடிப்பு, எது நெசம்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல."

எனக்கும்தான்.

அக்டோபர் 23, பெரூஜியா

பிப்ரவரியில் மாதா சுத்திகரத் திருநாளுக்கு எவ்வளவு மெழுகு வாங்குவது என்று இன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பிப்ரவரிக்கு!

அக்டோபர் 10, 1583

மேலே தேதியை எழுதிய பிறகுதான் கவனித்தேன். நேற்று ஒன்பது. போன வருஷம் வராமல் போன அந்தத் தேதி நேற்று வந்து போயிருக்கிறது. எங்கள் இருவருக்கும் நினைவே இல்லை.

நேற்று என்ன செய்தோம்? பயறு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன் என்று நானும், சொல்லவே இல்லை என்று அவரும் சண்டை. கோபித்துக்கொண்டு பட்டறையில் போய் உட்கார்ந்தார். பசித்ததும் வந்தார். தீய்ந்ததையே ரெண்டு பேரும் தின்றோம். அவ்வளவுதான்.

பட்டறைக் கதவில் கீல் கழன்று, இப்போது அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நேத்து என்ன தேதி, ஞாபகம் இருக்கா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எட்டோ, பத்தோ. ஏதோ ஒண்ணு. அந்த ஆணியை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.