எம்.எல்.ஏ. கொண்டுவந்த கற்பூரத் தட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுப் பத்மாக்கா, எம்.எல்.ஏ., தட்டைப் பிடித்திருந்த அவருடைய ஆள்.

நீலசந்திராவிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தபோது இந்தப் பகுதி வேறொரு தொகுதியின் கடைக்கோடி. பிறகு எல்லையை மாற்றிப் புதுத் தொகுதியாக்கினார்கள். இந்த எம்.எல்.ஏ. முதலில் சுயேச்சையாக ஜெயித்தார், அடுத்து ஒரு கட்சியில் சேர்ந்து ஜெயித்தார். அந்த முறைதான் அம்மன் சாட்சியாகக் கற்பூரம் ஏற்றி, என் ஓட்டு என்றைக்கும் அவர் சின்னத்துக்கே என்று என் மகள் பேரில் சத்தியம் வாங்கினார். இப்போது ராஜினாமா செய்து எதிர்க்கட்சியில் சேர்ந்து, இடைத்தேர்தலில் நிற்கிறார். பழைய சின்னத்தில் நிற்பவரோ, அன்றைக்கு இவரிடம் தோற்றவர்.

"அதே சத்தியத்தை இன்னொரு வாட்டி பண்ணிடுங்கம்மா," என்று தட்டை நீட்டச் சொன்னார்.

"அது பழைய சின்னத்துக்குப் பண்ணதுங்க."

"சின்னத்த விடுங்கம்மா, ஆளு நான்தானே?"

பத்மாக்கா சும்மா இருக்கவில்லை. "நீங்க ராஜினாமா குடுத்துட்டீங்க சார். இவ அம்மன்கிட்ட எப்படிக் குடுப்பா?"

"யாருக்குப் போட்டேன்னு எவனுக்குத் தெரியப்போவுது? கைய வச்சிட்டு உள்ள வா," என்றார் வீட்டுக்காரர்.

நான் கையை வைக்கவில்லை. கற்பூரம் அணைந்தது. எம்.எல்.ஏ. முகம் சுருங்கிப் போய்விட்டார்.

மகளுக்கு இது ஏழாம் மாதம். அவள் பேரில் சொன்ன சொல் ஆளோடு போகுமா, சின்னத்தோடு நிற்குமா? யாரிடம் கேட்டாலும் சிரிக்கிறார்கள். தாயே, புதன்கிழமை ஓட்டு. அதற்கு முன்னால் நீயே எனக்குப் பதில் சொல்லிவிடு.